டி.வி.டி. வட்டும் வகைக் குறியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

தான் கண்டதையும் கேட்டதையும் தனக்குப் பின் வருவோர்க்கு விட்டுச் செல்ல வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குத் தொன்றுதொட்டு உண்டு. நம் மதுரை மாவட்டத்திலே, மேலூரை அடுத்த மாங்குளத்துக் குன்றில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட தமிழி எழுத்துகளிடையே நெடுஞ்செழியன் என்னும் பெயரை இன்றும் காணலாம். கல்லுக்குப் பின் ஓலை வந்தது. ஓலைக்குப் பின் தாள் வந்தது. பின்னர் ஒலிநாடாவும் ஒளிநாடாவும் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே ஒளி வட்டு வந்தது.

இவற்றுள் கல்லையும் ஓலையையும் தாளையும் கண்ணால் படிக்கலாம். வட்டைக் கருவியின்றிப் படிக்க இயலாது. கருவி இருந்தாலும் அது எல்லா வட்டையும் படித்துவிடுவதில்லை. கணினியில் நன்றாக ஓடும் டி.வி.டி. வீட்டுப் பிளேயரில் ஓடுவதில்லை. உடனே, "வட்டு கெட்டுவிட்டது" என்று கூறிக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். கெட்டது வட்டுதானா? இவ்வினாவை இயற்பியல் வழி நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டின் அமைப்பு

டி.வி.டி. என்பது 120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உடையது. குறுவட்டாகிய சி.டி.யும் அதே அளவினதே. ஆனால் டி.வி.டி.யோ 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டிச் செய்யப்படுவது. தகவல் இவ்விரு தகடுகளின் நடுவே உள்ளது.

உழுத வயலில் சால் அடுத்தடுத்துச் செல்வது போல, வட்டின் மையத்தருகே தொடங்கி விளிம்பு வரை ஒரே ஒரு தடம் சுருளாகச் செல்லுகிறது. சி.டி.யில் இரு தடங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1.6 மைக்ரான், டி.வி.டி.யில் 0.74 மைக்ரான். சி.டி.யின் மிகச் சிறிய குழி ஏறத்தாழ 0.83 மைக்ரான் நீளமுள்ளது, டி.வி.டி.யில் அது 0.4 மைக்ரான். இந்த இரு விகிதங்களையும் பெருக்கினால் ஏறக்குறைய நாலரை மடங்கு வரும். எஞ்சிய ஆதாயம், பிழை திருத்தும் முறையையும் எழுதும் முறையையும் சிக்கனமாக்கியதால் கிடைத்தது. ஆகவேதான் சி.டி.யைப் போல ஏழு மடங்கு தகவல் டி.வி.டி.யில் அடங்குகிறது.

சிறு குழியைப் படிக்கச் சிறு ஒளிப்புள்ளி வேண்டும். ஒளிப்புள்ளியின் அளவு அலைநீளத்திற்கு நேர்விகிதத்திலும் வில்லையின் எண் துளைக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பதை நாம் ஒளியியல் வகுப்பிலே படித்திருக்கிறோம். சி.டி. 780 நானோமீட்டர் லேசரையும் 0.45 எண் துளையையும் கொண்டு படிக்கப்படுகிறது. டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் லேசரும் 0.60 எண் துளையும் ஆகும். பாடநூலில் வெறும் சூத்திரமாகத் தோன்றியது, நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு அடியிலே வேலை செய்து கொண்டிருந்தது.

இன்னொரு சிறு ஐயம் பலருக்கு உண்டு. பெட்டியின் மேல் 4.7 ஜிகாபைட் என்று அச்சிட்டிருக்க, கணினி 4.38 என்று காட்டுவது ஏன்? கடைக்காரர் ஏமாற்றவில்லை. பெட்டியில் ஒரு ஜிகா என்பது நூறு கோடி; கணினியில் அது 1024-ஐ மூன்று முறை பெருக்கிய எண், அதாவது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். 470 கோடியை அதனால் வகுத்தால் 4.38 வரும்.

அச்சு வட்டும் பதிவு வட்டும்

திரைப்பட டி.வி.டி.கள் தொழிற்சாலையில் அச்சு வைத்து அழுத்திச் செய்யப்படுபவை. அவற்றில் உண்மையான குழிகள் உண்டு. குழியிலிருந்தும் மேட்டிலிருந்தும் திரும்பும் ஒளிக்கதிர்கள் குறுக்கீட்டு விளைவால் ஒன்றையொன்று மங்கச் செய்கின்றன. அந்த மங்கலையே கருவி உணருகிறது.

நாம் பதியும் வட்டில் குழி கிடையாது. அதில் ஒரு கரிமச் சாயப் படலம் உள்ளது. கடையிலே 'ரைட் பண்ணுவது' என்கிறார்களே, அப்போது லேசர் படிக்கும் ஆற்றலைப் போலப் பல மடங்கு ஆற்றலுடன் சாயத்தைச் சுடுகிறது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்புகிறது. ஆக, அச்சு வட்டின் குழியைப் போல நடிக்கும் கரும்புள்ளியே பதிவு வட்டின் எழுத்தாகும். சாயம் என்பதால் அது வெயிலுக்கும் வெப்பத்திற்கும் அஞ்சும்.

அழித்து எழுதக்கூடிய ஆர்.டபிள்யூ. வட்டில் சாயத்திற்குப் பதிலாக ஓர் உலோகக் கலவை உண்டு. படிக நிலையும் படிகமற்ற நிலையும் மாறி மாறி அமைய எழுத்து உண்டாகிறது. ஆனால் இதன் ஒளி திருப்பும் திறன் குறைவு. அச்சு வட்டும் ஒரு முறை எழுதும் வட்டும் 45 முதல் 85 விழுக்காடு ஒளியைத் திருப்புகையில், ஆர்.டபிள்யூ. வட்டு 18 முதல் 30 விழுக்காடே திருப்புகிறது. இரண்டு அடுக்குள்ள திரைப்பட டி.வி.டி.யின் அளவும் இதுவே. எனவே பழைய பிளேயர் சில, ஆர்.டபிள்யூ. வட்டை இரண்டு அடுக்கு வட்டு என்று எண்ணிக் குழம்பிவிடும்.

மைனஸும் பிளஸும்

1997-இல் பயனியர் நிறுவனம் டி.வி.டி. மைனஸ் ஆர் என்னும் பதிவு வட்டைக் கொண்டு வந்தது. முதலில் அதன் கொள்ளளவு 3.95 ஜிகாபைட், பின்னரே 4.7 ஆயிற்று. டி.வி.டி. ஃபோரம் என்னும் கூட்டமைப்பு இதனை ஏற்றது. சோனி, பிலிப்ஸ், ஹியூலட்-பேக்கர்ட், ரிக்கோ முதலிய நிறுவனங்கள் தனியே கூடி, 2001-இல் டி.வி.டி. பிளஸ் ஆர்.டபிள்யூ. வட்டையும் 2002-இல் பிளஸ் ஆர் வட்டையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன.

இரண்டும் கண்ணுக்கு ஒன்றே போலத் தோன்றும். வேறுபாடு தடத்தின் நெளிவில் உள்ளது. வெற்று வட்டில் தடம் நேர்க்கோடாக இராமல் மெல்ல நெளிந்து செல்லும். எழுதும் கருவி தான் எங்கே நிற்கிறோம் என்பதை அறிய இந்நெளிவு உதவும். மைனஸ் வட்டில் நெளிவின் அதிர்வெண் ஏறத்தாழ 140 கிலோஹெர்ட்ஸ். இட எண் தடங்களுக்கு இடையிலுள்ள சிறு குழிகளில் இருக்கும். பிளஸ் வட்டில் நெளிவு 817 கிலோஹெர்ட்ஸ்; இட எண் அந்நெளிவிலேயே பொதிந்திருக்கும்.

தொடக்கத்தில் ஒரு வகைக்கான ரைட்டர் மற்றொரு வகையில் எழுதாது. 2002-இல் சோனி இரு வகையிலும் எழுதும் இயக்கியை வெளியிட்ட பின் அந்தச் சிக்கல் தீர்ந்தது. எழுதும் சிக்கல் தீர்ந்ததே ஒழியப் படிக்கும் சிக்கல் தீரவில்லை.

வகைக் குறி

இப்போது கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம். ஒவ்வொரு டி.வி.டி.யிலும் தகவல் தொடங்குவதற்கு முன் முகப்புப் பகுதி ஒன்று உண்டு. வட்டு தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்ளும் இடம் அது. அங்குள்ள குறிப்பின் முதல் நான்கு பிட்டுகள் 'நான் எந்த வகை வட்டு' என்பதைச் சொல்லும். இதனையே 'புக் டைப்' என்பர். நான் வகைக் குறி என்கிறேன்.

0000 என்றால் அச்சிட்ட டி.வி.டி. ரோம்.
0010 என்றால் மைனஸ் ஆர்.
0011 என்றால் மைனஸ் ஆர்.டபிள்யூ.
1001 என்றால் பிளஸ் ஆர்.டபிள்யூ.
1010 என்றால் பிளஸ் ஆர்.

திருமண வீட்டு வாசலில் நின்று, "தாங்கள் யார் வீடு?" என்று கேட்பவரைப் போலப் பிளேயர் முதலில் இந்தக் குறியைப் பார்க்கிறது. தனக்குத் தெரிந்த பெயர் என்றால் உள்ளே விடும். தெரியாத பெயர் என்றால், உள்ளே இருப்பது எத்துணை நல்ல பதிவாயினும், சில பழைய பிளேயர்கள் 'வட்டு இல்லை' என்று காட்டி நின்றுவிடும். 2002-க்கு முன் செய்யப்பட்ட பிளேயருக்கு 1010 என்னும் குறி எப்படித் தெரியும்?

மைனஸ் வட்டில் இக்குறி தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டுவிடும். நாம் மாற்ற இயலாது. பிளஸ் வட்டிலோ முகப்புப் பகுதியை எழுதுவது நம் ரைட்டர்தான். எனவே அங்கே 1010-க்குப் பதிலாக 0000 என்று எழுதச் சொல்லலாம். இதற்கு 'பிட்செட்டிங்' என்று பெயர். நீரோ, இம்க்பர்ன் போன்ற மென்பொருள்களில் இதற்கான இடம் உண்டு. எல்லா ரைட்டர்களும் இதற்கு இசைவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்று நுட்பங்கள் இங்கே கருதத்தக்கவை. முதலாவது, பிளஸ் ஆர் வட்டில் எழுதுவதற்கு முன்பே குறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; எழுதி முடித்தபின் மாற்ற முடியாது. இரண்டாவது, பிளஸ் ஆர்.டபிள்யூ. வட்டில் பின்னரும் மாற்றலாம். மூன்றாவது, குறியை மாற்றுவதால் பெயர்தான் மாறுமே தவிரப் பொருள் மாறாது. பிளஸ் ஆர் வட்டின் ஒளி திருப்பும் திறன் அச்சு வட்டுக்கு நிகர் ஆகையால் பெயர் மாற்றம் பயன் தரும். ஆர்.டபிள்யூ. வட்டின் திறன் குறைவு ஆகையால் பெயரை மாற்றியும் சில பிளேயர்கள் ஏற்பதில்லை.

பிற தடைகள்

வகைக் குறி ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. எழுதி முடித்தபின் வட்டை 'ஃபைனலைஸ்' செய்ய வேண்டும். அதாவது முகப்பையும் முடிவுப் பகுதியையும் எழுதி மூட வேண்டும். மூடாத வட்டு எழுதும் இயக்கிக்குத் தெரியும், பிளேயருக்குத் தெரியாது. கோப்புகளை வெறுமனே அப்படியே பதிந்தால் அது தகவல் வட்டு. எம்பெக்-2 படமாக மாற்றி, முறையான கோப்புறை அமைப்பில் பதிந்தால்தான் அது படவட்டு. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை பால் என்பது. அதில் நொடிக்கு 25 படங்கள், 576 வரிகள். என்.டி.எஸ்.சி. முறையில் பதிந்தால் சில கருவிகளில் படம் உருளும், அல்லது நிறம் போய்விடும்.

வேகமும் ஒரு காரணம். ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு 1.385 மெகாபைட். அவ்வேகத்தில் முழு வட்டையும் எழுத ஏறத்தாழ 57 நிமிடம் ஆகும். நான்கு மடங்கில் 14 நிமிடம். அவசரத்தில் 16 மடங்கில் சுட்டால், மலிவான வட்டில் புள்ளிகள் ஒழுங்கின்றி அமைந்து பிழைகள் பெருகுதல் உண்டு.

பிழையைத் திருத்தும் வழியும் வட்டிலேயே உள்ளது. 172 பைட் அகலமும் 192 வரிசையும் கொண்ட கட்டமாகத் தகவலை அடுக்கி, வலப்புறம் 10 பைட்டும் கீழே 16 வரிசையும் சோதனை எண்களாகச் சேர்க்கின்றனர். கணக்குப் புத்தகத்தில் குறுக்கிலும் நெடுக்கிலும் கூட்டிச் சரிபார்ப்பது போன்ற முறை இது. சிறு கீறல்களை இது மறைத்துவிடும். அளவு மீறினால் படம் திடீரென உறைந்து நின்றுவிடும். ஆகவே வட்டு தேய்வது நமக்குத் தெரிவதில்லை. அது தோற்கும் நாளே தெரிகிறது.

நம் நாட்டில் வட்டின் காலம்

1983-இல் டெல்லியில் தீபக் புரி தொடங்கிய மோசர் பேயர் இந்தியா நிறுவனம் முதலில் நேரப் பதிவுக் கருவிகளைச் செய்தது. பின்னர் ஃபிளாப்பி தகடுகளுக்கும், அதன்பின் ஒளி வட்டுகளுக்கும் வந்து, உலகின் பெரும் வட்டு உற்பத்தியாளர்களுள் ஒன்றாயிற்று. 2007 வாக்கில் அது தமிழ்ப் படங்களை வி.சி.டி. 28 ரூபாய்க்கும் டி.வி.டி. 34 ரூபாய்க்கும் விற்றது பலருக்கு நினைவிருக்கும். 2006 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி எளிய வீடுகளுக்கும் வந்து சேர, அதன் பக்கத்திலே ஒரு டி.வி.டி. பிளேயரும் இடம் பிடித்தது. கோச்சடையில் எங்கள் தெருவிலும் அப்படித்தான். திருமணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா எல்லாம் வட்டில் ஏறின.

அக்காலம் முடிந்தது. மோசர் பேயர் 2017-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, 2018-இல் கலைக்க உத்தரவிடப்பட்டது. பதிவு வட்டுக்குப் பெயர் பெற்ற ஜப்பானிய நிறுவனமான தையோ யூடன் 2015-இன் இறுதியில் அத்தொழிலை விட்டது. 2025-இல் சோனி பதிவு ப்ளூ-ரே வட்டு உற்பத்தியை நிறுத்தியது. புதிய மடிக்கணினிகளில் வட்டு இயக்கி இருப்பது அரிது. ஆனால் பரணில் இருக்கும் வட்டுகள் பரணிலேயே இருக்கின்றன.

எங்கள் வீட்டு மூன்று வட்டுகள்

என் அத்தையின் திருமணம் 2010-இல் நடந்தது. மூன்று வட்டுகளில் பதிந்து தந்தார்கள். மூட்டை தூக்கி எங்களை வளர்த்த என் அப்பா, நான் எட்டாம் வகுப்பில் படிக்கையில் காலமானார். அவருடைய குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. எங்கள் வீட்டுப் பிளேயர் பழைய சாமான் கடையில் வாங்கியது. அந்த மூன்று வட்டுகளையும் அது ஒருநாளும் ஏற்றதில்லை. வட்டு கெட்டது என்று அனைவரும் விட்டுவிட்டனர். அப்பத்தா மட்டும், "காலேசுல படிக்கிறவன்தானப்பா, இத ஓட்டிக் காட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்.

பிளேயரைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் 2001 என்று பொறித்திருந்தது. துறைப் பேராசிரியரின் இசைவுடன் ஆய்வகத்துப் பழைய கணினியில் வட்டுகளை இட்டு, முகப்புப் பகுதியைக் காட்டும் மென்பொருளால் ஆராய்ந்தேன்.

முதல் வட்டு பிளஸ் ஆர், குறி 1010, முறையாக மூடப்பட்டது, குறை ஒன்றுமில்லை. அதன் படியைப் புதிய பிளஸ் ஆர் வட்டில், குறியை 0000 ஆக்கி, நான்கு மடங்கு வேகத்தில் எழுதினேன். 2001-இன் பிளேயர் அதனைத் தயங்காமல் ஓட்டியது. தகவல் அதுவே, பிளேயரும் அதுவே. மாறியது நான்கு பிட்டும் புதிய தகடும். தகடுதான் காரணமோ என்று ஐயுற்று, அதே பெட்டியிலிருந்து இன்னொரு வட்டை எடுத்துக் குறியை மாற்றாமல் எழுதிப் பார்த்தேன். பிளேயர் மறுத்தது. காரணம் குறிதான் என்பது உறுதியாயிற்று.

இரண்டாவது வட்டு மைனஸ் ஆர், மூடப்படாதது. முதலில் முழுவதையும் வன்தட்டில் படியெடுத்துக்கொண்டு, பின்னரே வட்டை மூடினேன். அதுவும் ஓடியது.

மூன்றாவது வட்டின் மேல் மணமக்கள் படம் அச்சிட்ட தாள் ஒட்டப்பட்டிருந்தது. தாள் சுருங்கி, வட்டை விளிம்பில் வளைத்திருந்தது. படிக்க முடிந்ததை எடுத்து, முடியாததைத் தாண்டி, மீண்டும் மீண்டும் முயலும் ஒரு மென்பொருளை இரண்டு பிற்பகல் ஓடவிட்டேன். தடம் மையத்தில் தொடங்கி விளிம்பில் முடிவதால், விளிம்பில் இருந்தது விழாவின் கடைசிப் பகுதி. அத்தையை வழியனுப்பும் 11 நிமிடம் கிடைக்கவில்லை.

அப்பாவின் குரல் இரண்டாவது வட்டில், பந்திக் காட்சியில் இருந்தது. இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டே படம் பிடிப்பவரிடம், "இங்க என்னத்த எடுக்கிற, அங்க தங்கச்சிய எடுப்பா" என்கிறார். அவ்வளவுதான். அப்பத்தா அதை நான்கு முறை போடச் சொன்னது.

எங்கள் பகுதியில் முன்பு திருமணப் படம் எடுத்த அண்ணன் ஒருவரிடம் இது பற்றிக் கேட்டேன். "தம்பி, முகூர்த்த மாசத்துல பிளஸ்ஸா மைனஸ்ஸானு யாரு பாத்தா? டப்பாவுல எது இருந்துச்சோ அதுல போட்டுக் குடுத்தோம். எங்க மிசின்ல ஓடுனா போதும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே உருவமுடைய பொருளுக்கு இரண்டு வழிகளை வகுத்தவர்கள் எங்கோ இருந்தனர். அதன் விளைவு மட்டும் கோச்சடைத் தெருவிலே வந்து விழுந்தது.

கைக்கொள்ள வேண்டியவை

1. ஓடாத வட்டை எறிவதற்கு முன், எழுதும் வசதியுள்ள டி.வி.டி. இயக்கியில் ஒரு முறை இட்டுப் பார்க்க வேண்டும்.

2. முதல் வேலை படியெடுத்தல். மூடுதல் முதலான பிற வேலைகள் அதன் பின்னரே.

3. பழைய பிளேயருக்காக எழுதுவதாயின் மைனஸ் ஆர், அல்லது 0000 குறியிட்ட பிளஸ் ஆர் நன்று. ஆர்.டபிள்யூ. வேண்டா.

4. நிதான வேகத்தில் எழுதி, மூடி, சரிபார்த்தல் வேண்டும்.

5. வட்டின் மேல் தாள் ஒட்டுதலும் கூர்முனைப் பேனாவால் எழுதுதலும் கூடா. மையத்தின் ஒளிபுகும் வளையத்தில் மென்முனைப் பேனாவால் எழுதலாம்.

6. துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி, பிழை திருத்தத்தையும் மீறிவிடும்.

7. மதுரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரண் வட்டுக்கு உகந்த இடமன்று. கீழே, இருளில், பெட்டியில் நிறுத்தி வைத்தல் நலம்.

8. ஒரே படி என்பது படியில்லாமைக்குச் சமம். வன்தட்டில் ஒன்றும், வேறொரு வீட்டில் ஒன்றுமாக இரண்டேனும் வேண்டும்.

முடிவுரை

கருவி மறுத்தது என்பதனால் பதிவு அழிந்தது என்று பொருளன்று. எந்த வகை வட்டு, எந்தக் குறி, மூடப்பட்டதா, எந்த ஆண்டுக் கருவி என்னும் நான்கு வினாக்களைக் கேட்டால், கெட்டது என்று ஒதுக்கப்பட்டவற்றுள் சில மீண்டு வரும். சாயம் மங்கிக்கொண்டே இருப்பதாலும், படிக்கும் இயக்கிகள் குறைந்துகொண்டே வருவதாலும் இதற்குக் காலம் அதிகமில்லை.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாம் படிக்கும் ஒளியியல் தேர்வுத் தாளோடு முடிந்துவிட வேண்டியதில்லை. இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள வட்டுகளை இறக்கிப் பாருங்கள், அக்கம்பக்கத்தாரிடமும் கேளுங்கள். நம் துறை ஆய்வகத்தில் இன்னும் ஒரு கணினியில் டி.வி.டி. ரைட்டர் வேலை செய்கிறது. பேராசிரியரிடம் இசைவு பெற்று வருவோர்க்கு, எனக்குத் தெரிந்த வரையில் உதவக் காத்திருக்கிறேன்.